கல்லின் வயதுக்குச் சான்று தேடியவர்: இராபர்ட் புரூஸ் ஃபூட்

திருவள்ளூர் மாவட்டத்தின் தொன்மையைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் வீரராகவப் பெருமாள் கோயிலிலிருந்தோ, திருவாலங்காட்டுச் செப்பேடுகளிலிருந்தோ, பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளிலிருந்தோ தொடங்குவது வழக்கம். எழுத்தும் கட்டடமும் தோன்றுவதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே கொற்றலை ஆற்றங்கரையில் மாந்தர் வாழ்ந்தனர் என்னும் உண்மையை உலகறியச் செய்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சியின் தந்தை என்று அவர் போற்றப்படுகிறார். பழைய கற்கருவியை முதன்முதலில் கண்டவர் என்ற அளவில் அவரைப் பலரும் அறிவர். அக்கற்களின் வயதுக்குச் சான்றாகத்தக்க விலங்கெலும்புகளை அவர் இருபதாண்டுகளுக்கு மேல் நாடி வந்தார் என்பதும், வாழ்நாள் முழுதும் திரட்டிய தொல்பொருள்களை ஒவ்வொன்றும் எங்குக் கிடைத்தது என்னும் குறிப்போடு சென்னை அருங்காட்சியகத்தில் சேர்ப்பித்தார் என்பதும் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. அவர் வாழ்க்கையின் பெரும்பயன் இவ்விரண்டிலேயே அடங்கியிருக்கிறது.

பிறப்பும் பணியும்

ஃபூட் இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் பிறந்தார். 1858ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில், தம் இருபத்து நான்காம் வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். தாமஸ் ஓல்டாம் அத்துறையின் தலைவராக இருந்த காலம் அது. சென்னை மாகாணத்தின் நிலத்தையும் பாறையையும் ஆராய்ந்து வரைபடம் ஆக்கும் குழுவில் ஃபூட் அமர்த்தப்பட்டார். அன்று நிலவியலாளரின் பணி எளிதாக இருக்கவில்லை. குளிர்காலத்தில் கூடாரமும் மாட்டுவண்டியுமாக ஊர் ஊராகச் செல்லவேண்டும். ஓடைக்கரையின் வெட்டுமுகங்களையும் கிணறு தோண்டிய மண்ணையும் குன்றின் சரிவையும் பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதவேண்டும். கோடை வந்ததும் சென்னைக்குத் திரும்பி, அக்குறிப்புகளை அறிக்கையாக்கவேண்டும். அவரும் உடன்பணியாளர் வில்லியம் கிங்கும் இணைந்து எழுதிய திருச்சிராப்பள்ளி, சேலம், தென்னார்க்காட்டுப் பகுதிகளின் நிலவியல் அறிக்கை 1864ஆம் ஆண்டில் வெளிவந்தது.

பாலாற்றுக்கு வடக்கே உள்ள நிலப்பகுதி பின்னர் அவர் பொறுப்பில் வந்தது. இன்றைய திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரங்கள் அதனுள் அடங்கும். ஒருபுறம் பழவேற்காட்டு உப்பங்கழி, மறுபுறம் சத்தியவேட்டுக் குன்றுகளும் அல்லிக்குழி மலையும், இடையே செங்குன்றத்தைப் போலச் செம்பூரான்கல் பரந்த மேட்டுநிலம் என்று அவ்வட்டாரத்தின் அமைப்பை அவர் அறிக்கை விரித்துரைக்கிறது. அவ்வறிக்கை இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் 1873ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்றது. திருப்பெரும்பூதூர், சத்தியவேடு ஆகிய இடங்களில் கிடைக்கும், கல்லாய்ச் சமைந்த இலைத்தடங்களையும் அவர் ஆராய்ந்து குறித்தார். மண்ணின் அடுக்குகளைப் படிக்கும் இந்தப் பயிற்சியே பிற்காலத்தில் அவர் பெற்ற பெரும்புகழுக்கு அடித்தளமாயிற்று.

தமிழோடு ஓர் உறவு

ஃபூட்டின் மனைவி எலிசபெத் ஆன், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். பெர்சிவலின் பெயர் தமிழ் உரைநடை வரலாறு கற்றோருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் விவிலியத்தைத் தமிழாக்கியபோது ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டவர் அவரே. தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி நூலாக்கியவரும் அவரே. சென்னைக்கு வந்தபின் மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றித் தினவர்த்தமானி என்னும் இதழையும் நடத்தினார். அவ்விதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்கச் சி. வை. தாமோதரம் பிள்ளையை அழைத்தவரும் அவர்தாம்.

செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885ஆம் ஆண்டிலும் கலித்தொகையை 1887ஆம் ஆண்டிலும் பதிப்பித்த தாமோதரம் பிள்ளையும், மண்ணுள் மறைந்த கல்லையும் எலும்பையும் தேடிய ஃபூட்டும் பெர்சிவல் என்னும் ஒருவரோடு இவ்வாறு தொடர்புற்றனர். இருவருடைய தேட்டமும் ஒரே பத்தாண்டில் உச்சத்தை எட்டியது. ஏடு எங்கிருந்து வந்தது, எந்த ஏட்டில் எந்தப் பாடம் இருந்தது என்று குறிக்காத பதிப்பு நம்பத்தக்கதாகாது. எந்த ஊரில், எந்தப் படிவில் கிடைத்தது என்று குறிக்கப்படாத கல்லும் அத்தன்மையதே. ஏட்டுச் சுவடியை அறிந்த தமிழ் உள்ளத்துக்கு ஃபூட்டின் உழைப்பு அயலானதாகத் தோன்றாது.

பல்லாவரத்துக் கல்

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள். சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில் படைவீரர் அணிவகுப்பு மைதானத்தை அடுத்து, சரளைக்காகத் தோண்டப்பட்ட குழி ஒன்று இருந்தது. அக்குழியிலிருந்து வெளிப்பட்ட கற்களிடையே ஒன்று ஃபூட்டின் கண்ணை ஈர்த்தது. நீர் உருட்டி மழுக்கிய கல்லாக அது இல்லை. வேண்டுமென்றே சில்லுகளைப் பெயர்த்து உருவாக்கப்பட்ட கருவியாகத் தோன்றியது. இந்தியாவில் இன்னதென்று உணரப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுவே.

அக்கண்டுபிடிப்பைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலாது. அக்குழியை நாள்தோறும் எத்தனையோ பேர் கடந்திருப்பர். ஃபூட் அதைக் கல்லென்று காணாமல் கருவியென்று கண்டதற்கு, ஐரோப்பாவில் அப்போது நடந்துகொண்டிருந்த விவாதங்களை அவர் அறிந்திருந்ததே காரணம். பிரான்சின் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகள் மனிதர் செய்தவையே என்பதை ஆங்கில அறிஞர்கள் 1859ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டிருந்தனர். மனிதகுலத்தின் தொன்மை பற்றிச் சார்லஸ் லயல் எழுதிய நூல், பல்லாவரத்துக் கல் கிடைத்த அதே 1863ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

கொற்றலைக் கரையில்

அவ்வாண்டே செப்டம்பர் 28ஆம் நாள் ஃபூட்டும் கிங்கும் கொற்றலை ஆற்றுப் படுகையில் அதிரம்பாக்கத்து ஓடையை அடைந்தனர். அங்கே ஓடை அறுத்த கரையில் கைக்கோடரிகளும் வெட்டுக்கருவிகளும் செறிந்து கிடைத்தன. படிவுக்குள் பதிந்திருந்தவையும் இருந்தன. பல்லாவரத்தில் ஐயத்துக்கு ஓரளவு இடமிருந்தது. அதிரம்பாக்கத்தில் அது நீங்கிற்று. அல்லிக்குழி மலையின் படிவுப் பாறைகளில் மிகுதியாக உள்ள உருண்டைக் குவார்ட்சைட்டுக் கற்களே அக்கருவிகளுக்கு மூலப்பொருளாயின. கைக்கு அடங்கும் அக்கல்லின் இருபுறமும் சில்லு பெயர்த்து, நுனியைக் கூராக்கி, அடியைப் பிடிப்பதற்கு ஏற்ற வகையில் விட்டிருந்தனர். சென்னைக் கற்கருவி மரபு என்று பின்னாளில் உலக நூல்கள் குறிப்பிட்டது இவ்வட்டாரத்துக் கைவினையையே.

இக்கண்டுபிடிப்பைப் பற்றி ஃபூட் எழுதிய விரிவான கட்டுரை 1866ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது வெளியான இடம் இலக்கிய அன்பர்கள் கருதத்தக்கது. சென்னை இலக்கியச் சங்கம் நடத்திய, இலக்கியத்துக்கும் அறிவியலுக்குமான இதழே அது. அதே சங்கம் திரட்டி வைத்திருந்த பொருள்களைக் கொண்டுதான் சென்னை அருங்காட்சியகமும் 1851ஆம் ஆண்டில் எட்வர்டு பால்ஃபர் பொறுப்பில் தொடங்கப்பெற்றது. இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சியின் முதல் பெருங்கட்டுரை ஓர் இலக்கியச் சங்கத்தின் ஏட்டில் அச்சேறியது என்பது இலக்கிய அமைப்புகள் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தியாகும். கலையும் அறிவியலும் ஒரே கூரையின்கீழ் உரையாடிய காலம் அது.

எலும்பில்லாக் குறை

கருவிகள் கிடைத்துவிட்டன. அவை எவ்வளவு பழையவை என்னும் வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. இன்று கல்லின் வயதை அளக்க இயற்பியல் முறைகள் பல உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றுள் ஒன்றுகூட இல்லை. அன்று அறிஞர்கள் நம்பிய வழி முதுகெலும்பு விலங்குகளின் புதைபடிவமே. ஐரோப்பாவில் கற்கருவிகளோடு ஒரே படிவில் மாமூத யானையும் கம்பளிக் காண்டாமிருகமும் எலும்பாகக் கிடைத்தன. அவ்விலங்குகள் அற்றுப்போனவை. எனவே அவற்றோடு வாழ்ந்த மனிதரும் மிகப் பழையோர் என்று முடிவுகட்ட இயன்றது. விலங்கின் எலும்பு, மனிதரின் கருவிக்குச் சான்று கூறியது.

திருவள்ளூர்ச் செம்மண்ணில் அச்சான்று வாய்க்கவில்லை. இரும்புச்சத்து மிக்க செம்பூரான்கல் படிவு புளிப்புத்தன்மை உடையது. அதனுள் ஊறும் மழைநீர் எலும்பின் சுண்ணத்தைக் கரைத்துவிடும். குவார்ட்சைட்டுக் கல் எத்தனை இலட்சம் ஆண்டு கிடந்தாலும் அழியாது. அதைச் செய்தவரின் எலும்பும் அவர் வேட்டையாடிய விலங்கின் எலும்பும் சில நூறு மழைக்காலங்களையும் தாங்கமாட்டா. கல்லைக் காத்த மண்ணே எலும்பைக் கரைத்தது. இம்மண்ணின் இயல்பு அது.

இக்குறையை ஃபூட் தெளிவாக உணர்ந்திருந்தார். அவருடைய பின்னாளைய பணிகளுள் இரண்டை இக்குறையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவற்றின் முழுப்பொருள் விளங்கும்.

சிக்தௌலிக் காண்டாமிருகம்

முதலாவது, இன்றைய கருநாடக மாநிலத்தின் பெளகாவி மாவட்டத்தில் நிகழ்ந்தது. தென் மராட்டிய நாடு என்று அழைக்கப்பட்ட அப்பகுதியை ஆராய்ந்தபோது, கோகாக் நகருக்கு அருகில் சிக்தௌலி என்னும் இடத்தில் காண்டாமிருகம் ஒன்றின் பற்களையும் எலும்புகளையும் ஃபூட் கண்டெடுத்தார். பாறையை ஆராய்வதற்காகப் பயின்ற அவர், விலங்கின் உடற்கூற்றை ஆராயும் பணியையும் தாமே மேற்கொண்டார். ஒவ்வொரு பல்லின் மேடுபள்ளத்தையும் அறியப்பட்ட பிற காண்டாமிருகங்களின் பற்களோடு ஒப்பிட்டு, இது வேறோர் இனம் என்று முடிவுசெய்து, தக்காணத்தின் பெயரால் இரைனோசெரசு தெக்கனென்சிசு என்று பெயரிட்டார். அக்கட்டுரை 1874ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் புதைபடிவ நூல்வரிசையில் வெளிவந்தது.

இன்று தென்னிந்தியாவில் காண்டாமிருகம் உயிர்க்காட்சிசாலையில் மட்டுமே உண்டு. தக்காணத்து ஆற்றுப்படுகைகளில் அவ்விலங்கு தன்னியல்பாகத் திரிந்த காலம் ஒன்று இருந்தது என்பதற்குச் சில பற்களும் எலும்புகளும் சான்றாயின. நீர்நிலையும் நெடும்புல்லும் நிறைந்திருந்த அக்காலத்தை அப்பற்களின் வழியே உய்த்துணரலாம். முதுகெலும்பிகளின் புதைபடிவம் விலங்கை மட்டும் காட்டுவதன்று. அது வாழ்ந்த காட்டையும் காலநிலையையும் சேர்த்தே காட்டுகிறது. குறிஞ்சி முதலிய நிலங்களுக்கு உரிய விலங்கையும் மரத்தையும் வகுத்துக் கருப்பொருள் என்று பெயரிட்ட தமிழ் மரபுக்கு இக்கருத்து எளிதில் விளங்கும். ஒரு விலங்கைச் சொன்னால் ஒரு நிலத்தைச் சொன்னதாகும்.

பில்லசுர்க்கம் குகைகள்

இரண்டாவது பணி, கர்னூல் பகுதியில் பேதஞ்செர்லா அருகே உள்ள பில்லசுர்க்கம் குகைகளில் நிகழ்ந்தது. அவை சுண்ணாம்புக் கற்குகைகள். செம்பூரான்கல் எலும்பைக் கரைக்கும். சுண்ணாம்புப் பாறையோ அதனைக் காக்கும். திருவள்ளூரில் இல்லாத வாய்ப்பு அங்கே இருந்தது. நியூபோல்டு என்னும் படைத்தலைவர் 1844ஆம் ஆண்டிலேயே அக்குகைகளில் எலும்புகள் இருப்பதை எழுதியிருந்தார். பிறகு நாற்பதாண்டுகள் அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி, சென்னை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃபுக்கு அக்குகைகளை ஆராயுமாறு வலியுறுத்தி எழுதியதன் பயனாக அப்பணி ஃபூட்டிடம் வந்துசேர்ந்தது.

1884ஆம் ஆண்டில் ஃபூட் தம் முதல் அறிக்கையை வெளியிட்டார். தொடர்ந்து அகழும் பொறுப்பை அவர் மகனும் பீரங்கிப்படை அதிகாரியுமான ஹென்றி புரூஸ் ஃபூட் ஏற்றார். அக்குகைகளுள் ஒன்றுக்குப் பேராலயம் என்றும், எலும்புகள் குவிந்து கிடந்த மற்றொன்றுக்கு எலும்பு மனை என்றும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள் வழங்கலாயின. மகன் அடுக்கடுக்காகத் தோண்ட, தந்தை அம்முடிவுகளை ஒழுங்குபடுத்தி 1885ஆம் ஆண்டில் வெளியிட்டார். எலும்புகளை இனம்பிரித்து அறியும் பணி ரிச்சர்டு லைடெக்கர் என்னும் விலங்கியல் அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய ஆய்வு 1886ஆம் ஆண்டில் நூலாயிற்று.

லைடெக்கரின் முடிவுகள் வியப்பூட்டின. காண்டாமிருகத்தோடு, புள்ளிக் கழுதைப்புலி, காட்டுக் கழுதை, பெரிய எறும்புண்ணி, நாய்முகக் குரங்கு என இன்று ஆப்பிரிக்காவில் காணப்படும் விலங்குகளின் எலும்புகளையும் அத்தொகுதியில் அவர் கண்டார். அவற்றுள் சில இனங்காணல்கள் பிற்கால ஆய்வுகளில் மாறுதலுக்கு உள்ளாயின. ஆயினும் தென்னிந்தியாவின் பழங்கால விலங்குலகம் பற்றிய ஆராய்ச்சி அந்நூலிலிருந்தே தொடங்குகிறது எனலாம்.

மனிதர் கைபட்டுத் தீட்டப்பட்ட எலும்புக் கருவிகள் எனத் தாம் கருதியவற்றையும் ஃபூட் அங்கே கண்டார். கற்கருவிகளோ அவர் எதிர்பார்த்த அளவில் வெளிப்படவில்லை. கல் நிறைந்த அதிரம்பாக்கத்தில் எலும்பு இல்லை. எலும்பு நிறைந்த பில்லசுர்க்கத்தில் கல் அரிது. இரண்டையும் ஓரிடத்தில் காணவேண்டும் என்னும் அவா முழுமையாக நிறைவேறாமலே அவருடைய அரசுப்பணி நிறைவுற்றது.

பொருளும் குறிப்பும்

1891ஆம் ஆண்டில் ஃபூட் ஓய்வுபெற்றார். ஓய்வு என்பது பெயரளவில்தான். பரோடா அரசுக்கும், பின்னர் மைசூர் அரசுக்கும் நிலவியல் பணியாற்றினார். குசராத்தின் சபர்மதிப் பள்ளத்தாக்கிலும் பழைய கற்கருவிகளைக் கண்டார். பெல்லாரிப் பகுதியில் புதிய கற்கால மக்களின் உறைவிடங்களையும் சாம்பல் மேடுகளையும் ஆராய்ந்தார். அவர் குடியமர்ந்த இடம் சேர்வராயன் மலையில் உள்ள ஏற்காடு. அம்மலையூர்களில் மெருகேற்றிய கற்கோடரிகள் பிள்ளையார் கோயில்களில் வைத்து வழிபடப்படும் வழக்கம் உண்டு. பழம்பொருளை மக்கள் தம் வழியில் போற்றினர். ஃபூட் தம் வழியில் போற்றினார்.

நாற்பதாண்டு அலைச்சலில் அவரிடம் சேர்ந்த கருவிகளும் மட்கலங்களும் பிற தொல்பொருள்களும் பல ஆயிரம். அவை கிடைத்த இடங்கள் நானூற்றுக்கும் மேற்பட்டவை. அத்தொகுப்பு முழுவதையும் சென்னை அரசு 1904ஆம் ஆண்டில் விலைக்குப் பெற்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேர்த்தது. எட்கர் தர்ஸ்டன் அதன் பொறுப்பாளராக இருந்த காலம் அது.

பொருளை ஒப்படைத்ததோடு ஃபூட் அமையவில்லை. மாவட்டவாரியாக, ஊர்வாரியாக, ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, அது எவ்வடிவினது, எக்கல்லால் ஆயது, எங்குக் கிடைத்தது என்பனவற்றை எழுதி விளக்கப் பட்டியல் ஒன்றை உருவாக்கினார். அப்பணி அவருடைய முதுமையின் ஆண்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டது. 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், கல்கத்தாவில் அவர் காலமானார். அப்பட்டியல் 1914ஆம் ஆண்டிலும், தொல்பொருள்களின் காலமும் பரவலும் பற்றிய அவர் குறிப்புகள் 1916ஆம் ஆண்டிலும் அருங்காட்சியக வெளியீடுகளாக வந்தன. தம் வாழ்நாள் உழைப்பின் அச்சு வடிவத்தை அவர் காணவில்லை. ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்தில் அவர் நினைவுச் சின்னம் உள்ளது. அவருடைய உண்மையான நினைவுச் சின்னம் அந்தப் பட்டியலே எனலாம்.

சான்று வந்த காலம்

அருங்காட்சியகத்தில் உறையும் பொருளால் என்ன பயன் என்னும் வினா எழுவது இயல்பு. ஃபூட்டின் தொகுப்பு அதற்கு விடை கூறுகிறது. அவர் மறைந்தபின் வந்த ஒவ்வொரு தலைமுறையினரும் அவருடைய பட்டியலைக் கையில் கொண்டே களத்துக்குச் சென்றனர். 1930களில் வி. டி. கிருஷ்ணசாமி கொற்றலைப் பள்ளத்தாக்கை மீண்டும் ஆராய்ந்தார். 1960களில் இந்தியத் தொல்லியல் துறையின் கே. டி. பானர்ஜி அதிரம்பாக்கத்திலும் அதனை அடுத்த குடியம் குகையிலும் அகழாய்வு நடத்தினார். 1999ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அதிரம்பாக்கத்தில் விரிவான அகழாய்வை மேற்கொண்டனர்.

ஃபூட்டுக்குக் கிட்டாத வயது அக்குழுவினருக்குக் கிட்டியது. விண்கதிர்கள் கல்லில் விட்ட தடயத்தை அளந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011ஆம் ஆண்டில் அறிவித்தனர். அங்கே இடைப்பழங்கற்காலப் பண்பாடு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்டது என்பதை 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் நிறுவினர். உலகின் தலைசிறந்த அறிவியல் இதழ்கள் இரண்டில் திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் அவ்வாறு இடம்பெற்றது.

இவற்றோடு ஒப்பிட்டால் சிறியதாகத் தோன்றும் மற்றொரு செய்தி உண்டு. ஃபூட்டின் வாழ்க்கையை அறிந்தோரை நெகிழச் செய்வது அதுவே. அதே அகழாய்வில் கல்லாய்ச் சமைந்த விலங்குப் பற்கள் மூன்று கிடைத்தன. அவை காட்டுக் குதிரை, நீரெருமை, நீலமான் ஆகியவற்றின் பற்கள் என்று அறியப்பட்டன. விலங்குகளின் குளம்பு பதிந்த தடங்களும் களிமண்ணில் தென்பட்டன. திறந்த புல்வெளியும் நீர்ச்செழிப்பும் அமைந்த நிலம் அன்று இவ்வட்டாரத்தில் இருந்தது என்பதை அவை உணர்த்தின. 1863ஆம் ஆண்டில் ஃபூட் நின்ற இடத்தில், அவர் நாடிய எலும்புச் சான்று, ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. மூன்றே பற்கள். அவை பெற்ற மதிப்பு எண்ணிக்கையால் வந்ததன்று. கருவிகள் கிடந்த அதே தலத்தில், ஆழமும் அடுக்கும் குறிக்கப்பட்ட அகழாய்வில் கிடைத்தமையால் வந்தது.

பில்லசுர்க்கமும் வறிதே கிடக்கவில்லை. இருபத்தொன்றாம் நூற்றாண்டில் அறிஞர் குழு ஒன்று அக்குகைகளை மீண்டும் அகழ்ந்து ஆராய்ந்து, 2014ஆம் ஆண்டில் தன் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஆண்டுகளின் படிவுகளில் இனங்கண்ட 21 வகைப் பாலூட்டிகளில் ஒன்றைத் தவிர ஏனைய அனைத்தும் அற்றுப்போகாமல் தொடர்ந்து வந்துள்ளன என்பது அதன் சாரம். உலகின் பிற கண்டங்களில் பெருவிலங்குகள் கூட்டங்கூட்டமாக அழிந்த காலத்தில் இந்தியத் துணைக்கண்டத்து விலங்குகள் பெரிதும் தாக்குப்பிடித்தன. காடும் புல்வெளியும் நீர்நிலையும் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால், ஓரிடம் வறண்டபோது மற்றோரிடத்துக்குப் பெயர்ந்து அவை உயிர்பிழைத்தன என்று அவ்வாய்வு கருதுகிறது. காடுகள் துண்டுபட்டு வரும் இக்காலத்துக்கு அது ஓர் எச்சரிக்கையுமாகும். தந்தையும் மகனும் பெட்டிகளில் அடுக்கிய எலும்புகளின் வழியே தொடங்கிய வினா, இன்று வாழும் விலங்குகளின் எதிர்காலத்தைப் பற்றிய வினாவாக விரிந்துள்ளது.

இம்மண்ணுக்கு உரிய பாடம்

பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1985ஆம் ஆண்டில் அமைத்த அகழ்வைப்பகம், கொற்றலைப் பள்ளத்தாக்கின் கற்கருவிகளை இவ்வட்டாரத்து மக்கள் அருகிலிருந்தே காணும் வாய்ப்பை அளிக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட்டின் தொகுப்பைக் காணலாம். ஆயினும் கருவிகளின் பெரும்பகுதி இன்னும் மண்ணுள்ளேயே இருக்கிறது. அம்மண் சாலைக்கும் தொழிற்சாலை மனைக்கும் வேண்டப்படும் மண்ணுமாகும். ஊருக்குக் கிராவல் என்று ஏற்றப்படும் செம்மண்ணே தொல்லியலாளருக்குக் கருவி தாங்கும் படிவு.

தொழில் வளர்ச்சியும் தொன்மைக் காப்பும் பகையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பல்லாவரத்துக் கல்லும் சரளைக்காகத் தோண்டிய குழியிலிருந்தே வெளிப்பட்டது. குழி தோண்டப்பட்டது மட்டும் போதவில்லை. அதனுள் அறிந்து நோக்கும் ஒருவர் தேவைப்பட்டார். நோக்கியவர் அதனைப் பையில் இட்டுக்கொண்டு மறந்துவிடாமல் நாளையும் இடத்தையும் எழுதிவைத்தார். அவ்விரண்டும் இல்லையெனில் 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் வெறும் நாளாகக் கழிந்திருக்கும். அந்தக் கல் சாலைக்கு அடியில் போயிருக்கும்.

இடம் குறிக்கப்படாத கருவியும் எலும்பும் அலமாரியில் அழகுப்பொருளாகலாம், சான்றாகமாட்டா. எனவே வயலிலும் ஓடையிலும் இத்தகைய பொருளைக் காண்போர் அதனைப் பெயர்த்தெடுக்காமல், கண்ட இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே ஃபூட்டின் வழியில் நிற்பதாகும். ஓர் அடிக்கு ஆசிரியர் யார், எந்த ஏட்டில் உள்ளது என்று கேட்டு ஆராயும் புலமை மரபினர், ஒரு கல்லுக்கும் எலும்புக்கும் அதே வினாவை எழுப்பினால் போதுமானது. செல்ட்டனத்தில் பிறந்து, தமிழ்நிலத்தில் உழைத்து, ஏற்காட்டு மலையில் முதுமையைக் கழித்த ஃபூட், இம்மண்ணின் மிகப் பழைய ஏட்டைப் படித்தவர். தாம் படித்த பக்கத்தை அடுத்தவரும் திருப்பிப் பார்க்கும்படி அடையாளமிட்டுச் சென்றமையே அவர் செய்த பேருதவி.